ஆங்கிலம் அறிவோம்: ‘ரிசென்ட்’

இந்த மாத வார்த்தை ‘ரிசென்ட்’. ‘சமீபத்தில்’ என்று பொருள் தரும் ‘ரீசன்ட்’ வேறு, இது வேறு. அதில் ‘ரீ’யை நீட்டி அழுத்துவோம். இதில் ‘சென்ட்’டை அழுத்தணும். அந்த ‘செ’ வண்டு பறக்கிற சத்தம் மாதிரி கொஞ்சம் அதிரும்.

பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘திரும்ப உணர்வது’ என்பது அதன் வேர். நடந்தது ஒரு தரம்தான், மனசுக்குள்ள நூறு தரம் ஓடும். ‘மனசுல வச்சுக்கிட்டுப் பொருமுறா’ன்னு சொல்றோமே, அதுதான். கோபத்துக்கு ‘ஆங்க்ரி’ என்று தனி வார்த்தை இருக்கிறது.

இந்த இரண்டையும் குழப்பி நானே மாட்டிக்கொண்டேன். ஒரு குழுவில் வரிசைப்படி ஒரு அக்காவுக்கு வரவேண்டிய உள்கடன், அவரைக் கேட்காமலே வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் சண்டை போடவில்லை. சேமிப்பைக் கட்டினார், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டார். கூட்டத்தில் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் மாத அறிக்கையில் ‘ஆங்க்ரி’ என்று எழுதி அனுப்பினேன். “சண்டை தீர்ந்துச்சா?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். சண்டையே நடக்கலையே! ‘ஷீ ரிசென்ட்ஸ் த டிசிஷன்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்த முடிவில் அவருக்கு மனத்தாங்கல் என்று அர்த்தம்.

இந்த வார்த்தைக்குப் பின்னால் ‘ஆன்’, ‘வித்’ எதுவும் வராது. எது கசக்கிறதோ அதை நேராகச் சொல்லிவிடலாம். அது ஒரு செயலாக இருந்தால் ‘இங்’ சேரும். ‘ஐ ரிசென்ட் பீயிங் இக்னோர்ட்’ என்றால், ‘என்னை ஒதுக்கினது எனக்குக் கசப்பா இருக்கு’. ‘டு’ போட்டால் தப்பு. மனத்தாங்கல் என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘ரிசென்ட்மென்ட்’.

ஒரு எச்சரிக்கை. ஒருத்தர் முகத்துக்கு நேரே ‘ஐ ரிசென்ட் தட்’ என்றால், ‘நீங்க சொன்னது என்னை அவமானப்படுத்துது’ என்கிற அளவுக்குக் காரம். பார்த்துப் பேசுங்க.

மூணு மாசம் கழித்து அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப நேரம் முருங்கைக்கீரையையே உருவிக்கிட்டிருந்தார். அப்புறம், “பணம் கெடக்குது மேடம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார்.

ஆங்கிலத்தில்: ‘ஐ ரிசென்ட் நாட் பீயிங் ஆஸ்க்ட்.’