சொல் அறிவோம்: பூத்துக்குளி



கண்காட்சிக்குப் பொருள் தயார் செய்யும் நேரத்தில் குழுக்களில் வருகிற கேள்வி இது. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்து பை தைக்கிறோம். "ஊட்டி சால்வை மாதிரியே இருக்குக்கா, ‘தோடா’ன்னு அட்டை கட்டினா நல்லா போகும்" என்று யாராவது ஒருத்தர் சொல்வாங்க. கட்டலாமா? பதில் சொல்வதற்கு முன்னால், அந்தச் சால்வைக்கு அதைச் செய்கிற பெண்கள் என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

‘பூத்துக்குளி’ என்பதுதான் அந்தப் பேர். நீலகிரி மலையில் வாழும் தோடர் பழங்குடி மக்களின் சொல் இது. அவர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். அவர்களுடைய மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழி. ஆனால் அதற்குத் தனி எழுத்து கிடையாது. நம் எழுத்தில் அடங்காத ஒலிகள் அதில் நிறைய. அதனால் நாம் எப்படி எழுதினாலும் கொஞ்சம் மாறித்தான் வரும். இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ‘பூ’வும் ‘குளி’யும் ஞாபகம் வரும். காதுக்கு அப்படிக் கேட்கிறது என்பதற்காக நாமாக ஒரு அர்த்தம் கட்டிவிடக் கூடாது. ‘தோடர்’ என்பதே மற்றவர்கள் அவர்களை அழைக்கும் பேர்தான். தங்கள் மொழியில் அவர்கள் தங்களை ‘ஓல்’ என்கிறார்கள். மனிதர் என்று பொருள்.

பூத்துக்குளி என்பது ஆணும் பெண்ணும் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் கெட்டியான வெள்ளைப் பருத்திப் போர்வை. அதில் சிவப்பு, கறுப்புப் பட்டைகள் இருக்கும், அங்கேதான் பூவேலை வரும். இந்த வேலைப்பாட்டுக்குப் ‘புகூர்’ என்று பேர். துணியைத் தோடர்கள் நெய்வதில்லை, வெளியில் வாங்குகிறார்கள். ஊசி வேலை மட்டும் முழுக்க முழுக்கப் பெண்கள் கையில்.

தையல் தெரிந்த சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பென்சிலால் கோடு போடுவதில்லை, அச்சு வைப்பதும் இல்லை. துணியின் நெடுக்கு இழையையும் குறுக்கு இழையையும் கண்ணாலேயே எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். ஒரு இழை தப்பினால் பூ கோணிவிடும். நூலை இறுக்கிவிடாமல் சின்னச் சின்ன வளையமாக விட்டு வைப்பதால் ஒரு பக்கம் மேடு மேடாக, சொரசொரப்பாக இருக்கும். நமக்கு அது உள்பக்கம் போலத் தெரியும். அவர்களுக்கு அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் நல்ல பக்கம்! கடையில் வாங்கிய பலர் அதைத் திருப்பித்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். எருமை அவர்கள் வாழ்க்கைக்கு ஆதாரம் என்பதால் எருமைக் கொம்பும் பூவேலையில் வரும். ஒரு முழுப் போர்வை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அம்மாவிடம் பார்த்து மகள் கற்றுக்கொள்வதுதான் அவர்கள் பயிற்சி வகுப்பு.

இன்றைக்கு அவர்களும் நம்மைப் போலச் சேலை, சுடிதார், பேன்ட் சட்டைதான் போடுகிறார்கள். ஆனால் கோயில் விழா, கல்யாணம் என்றால் பூத்துக்குளி வந்துவிடும். இறந்தவரைப் பூவேலை செய்த பூத்துக்குளியால் போர்த்தித்தான் வழி அனுப்புகிறார்கள். நம் வீட்டில் கோடித்துணி போடுகிறோமே, அதை நினைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும். இப்படிப்பட்ட ஒன்றின் பேரை டேபிள் விரிப்புக்கும் கைபேசி உறைக்கும் ‘புதுசா இருக்கே’ என்று வைத்தால் அந்த மக்கள் மனசு எப்படி இருக்கும்?

அவர்களே விற்பதற்காகப் பை, விரிப்பு, துண்டு எல்லாம் செய்கிறார்களே என்று கேட்கலாம். செய்கிறார்கள், அது அவர்களுடைய வருமானம். அவற்றுக்குத் ‘தோடர் பூவேலை’ என்று பேர் போட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அவற்றை அவர்கள் பூத்துக்குளி என்று சொல்வதில்லை, நாமும் சொல்ல வேண்டாம்.

சட்டமும் இதில் இருக்கிறது. தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பு, பூம்புகார் நிறுவனம் சேர்ந்து விண்ணப்பித்து வாங்கியது. அந்த ஊரில், அந்த மக்கள், அந்த முறையில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பேர். மற்றவர்கள் பொய்யாகப் போட்டு விற்றால் சிறையும் அபராதமும் உண்டு. பவானி ஜமக்காளத்துக்கும் இதே குறியீடு இருக்கிறது. எங்கோ விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்று சொல்லி விற்கும்போது கைத்தறிக்காரர் வயிற்றில்தானே அடி விழுகிறது? மிஷினில் அச்சடித்த ‘தோடா டிசைன்’ சால்வை குறைந்த விலைக்கு வந்தால், இழை எண்ணித் தைக்கும் பெண்ணுக்கும் அதே கதிதான். அவரும் நம்மைப் போல வீட்டு வேலை முடித்துவிட்டு ஊசி எடுக்கிறவர்தான்.

இன்னொரு விஷயம். தோடர் குடியிருப்பை ‘மந்து’ என்கிறோம். ஊட்டியின் முழுப்பேரான உதகமண்டலத்தை ஆங்கிலத்தில் முன்பு எழுதியபோது கடைசியில் வந்த ‘மண்ட்’ இதுதான். மந்து சுற்றுலா இடம் இல்லை, குடும்பங்கள் வாழும் வீடுகள். ஊட்டி போனால் கேட்காமல் உள்ளே நுழைவதும், பூத்துக்குளி போர்த்திய பாட்டியைக் கேட்காமல் போட்டோ எடுப்பதும் வேண்டாம். பிள்ளைகள் சேட்டை செய்தால் "ஆதிவாசி மாதிரி இருக்கியே" என்று திட்டுகிற பழக்கம் நம்மில் இருக்கிறது. அதையும் விட்டுவிடலாம்.

சரி, நம் பைக்கு என்ன அட்டை கட்டுவது? "வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு - கறுப்பு நூல் கைப்பூவேலை, செய்தவர்: இன்ன குழு, இன்ன ஊர்" என்று எழுதுங்கள். ‘தோடா மாடல்’, ‘ஊட்டி ஸ்டைல்’ என்பதும் வேண்டாம், வாங்குகிறவர் குழம்பிப்போவார். விலை கொஞ்சம் குறையலாம்தான். அதற்குப் பூவின் டிசைனையே மாற்றிப் பாருங்கள். நம் வாசல் புள்ளிக் கோலத்தையும் இழை எண்ணித் தைக்கலாம். தோடர் பெண்கள் செய்ததையே வாங்கி விற்க விரும்பும் குழுக்கள் அவர்கள் சங்கத்திடமோ பூம்புகாரிடமோ நேரடியாக வாங்கி, ரசீதைக் கோப்பில் வைத்துக்கொள்ளவும்.

‘தோடா’ என்று முன்பே அச்சடித்த அட்டை கையில் வைத்திருக்கும் குழுக்கள், அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்குத் தெரிவிக்கவும்.