பத்திரத்தை ஸ்கேனரில் வைக்கும் முன்…

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போயிருந்தபோது, அப்பா ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து, "இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைப்பா" என்றார். உள்ளே தாத்தா 1964-ல் நிலம் வாங்கிய கிரயப் பத்திரம், பட்டா, வரி ரசீதுகள். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் ஒன்றை நண்பரிடம் வாங்கி வந்து, எல்லாவற்றையும் மொத்தமாக அடுக்கி பட்டனைத் தட்டினேன். மூன்றாவது தாளில் 'கரக்' என்று சத்தம். பத்திரம் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. மூலையில் துருப்பிடித்த குண்டூசி! அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வலி.

ஏன் கிழிகிறது?

இந்த வகை ஸ்கேனரில் ஒரு ரப்பர் உருளை தாளை உள்ளே இழுக்கும். எதிரே உள்ள ரப்பர் பட்டை அல்லது இன்னொரு உருளை, கூடவே வரும் தாள்களைத் தடுக்கும். ஒருபுறம் இழுப்பு, மறுபுறம் தடுப்பு. நல்ல தாள் தாங்கும். மடிப்பில் நைந்துபோன தாள் தாங்காது.

தாள் வைக்கும் முறை

1. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், கிளிப் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். பின் கண்ணாடியில் கீறினால், பிறகு எடுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நெடுக ஒரு கோடு விழும்.
2. மடிந்த மூலைகளை நிமிர்த்துங்கள். மை, பசை ஈரமாக இருந்தால் காயவிடுங்கள்.
3. கட்டைச் சீட்டுக்கட்டு போல விசிறி, ஒட்டியிருப்பதைப் பிரித்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்குங்கள்.
4. தட்டில் குறித்துள்ள உச்சக் கோட்டைத் தாண்டி அடுக்காதீர்கள். எழுத்துப் பக்கம் மேலா கீழா என்பது மாடலுக்கு மாடல் மாறும். தட்டிலுள்ள படத்தைப் பாருங்கள்.
5. இருபுற வழிகாட்டிகளைத் தாளைத் தொடும்படி நகர்த்துங்கள். இறுக்கினால் தாள் வளையும். தளர்ந்தால் கோணலாகப் போகும்.
6. சிக்கினால் இழுக்காதீர்கள். ஸ்கேனை நிறுத்தி, மூடியைத் திறந்து, நேராக மெதுவாக எடுங்கள்.

ஸ்டாம்பு ஒட்டிய ரசீதை, இரண்டு தாள் சேர்ந்து வருவதாக நினைத்துச் சில ஸ்கேனர்கள் நிறுத்திவிடும். அவற்றைத் தனியாக எடுங்கள்.

பழைய தாளுக்கு?

1994-ல் தொடங்கிய சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய தமிழ் நூல்களை மைக்ரோபிலிமில் படமெடுத்துப் பாதுகாத்தது. படமெடுக்கும்போது தாளை எந்த உருளையும் இழுப்பதில்லை. நமக்கு அந்த வசதியைத் தருவது பிளாட்பெட் ஸ்கேனர். முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம் என்பதால், இரண்டு பகுதியாக எடுக்க வேண்டியிருக்கலாம். 300 டிபிஐ போதும்.

மறுநாள் அப்பாவுடன் சார்பதிவாளர் அலுவலகம் போய் நகலுக்கு மனுக் கொடுத்தேன். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, பதிவான கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆனால் தாத்தாவின் கையெழுத்துள்ள அந்தத் தாளுக்கு நகல் ஈடாகுமா? எனவே, முதலில் பின்னை எடுங்கள். பிறகு பட்டனைத் தட்டுங்கள்!