நரம்புறையைத் தாக்கும் நோய்: எத்தனை பேருக்கு? ஏன்?

மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயின் பெயரை எம்மவரில் பலர் வெளிநாட்டில் வாழும் உறவினர் வாயிலாகவே கேள்விப்பட்டிருப்பர். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல, மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பு நார்களுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி தவறுதலாக இவ்வுறையையே தாக்கும்போது, நரம்புவழிச் செல்லும் செய்திகள் தடைப்படுகின்றன. ஒரு கண்ணின் பார்வை நோவுடன் மங்குதல், கைகால் விறைப்பு, நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க முடியாமை, கடுஞ்சோர்வு என்பன இதன் அறிகுறிகளாகும். 1868 இல் பிரான்சு நாட்டு வைத்தியர் சார்க்கோ இதனைத் தனியொரு நோயாக விளக்கினார். பெரும்பாலும் 20 முதல் 40 வரையான வயதிலேயே இது வெளிப்படுகின்றது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களில் இரு மடங்கு அதிகம்.

கணக்கிடும் முறை

கேணியில் இப்போது எவ்வளவு நீர் நிற்கின்றது என்பது ஒரு கேள்வி. ஆண்டுதோறும் எவ்வளவு நீர் புதிதாக வந்து சேர்கின்றது என்பது வேறொரு கேள்வி. நோயுடன் வாழ்வோரின் தொகை முதலாவது. ஓராண்டில் புதிதாக நோயுறுவோரின் தொகை இரண்டாவது. இந்நோய் ஆயுள் முழுதும் நீடிப்பது. ஆகவே நல்ல சிகிச்சையால் நோயாளர் நெடுங்காலம் வாழும்போது, புதியவர்கள் கூடாமலே முதலாவது தொகை உயரும். எம்.ஆர்.ஐ. கருவி பரவியபின் முன்பு அறியப்படாதிருந்தோரும் கணக்கிற் சேர்ந்தனர்.

அமெரிக்காவில் இந்நோயாளர் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் என நெடுங்காலமாகக் கூறப்பட்டது. 2019 இல் வெளியான ஆய்வொன்று காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தது. ஒரு தடவை மட்டும் நோயின் பெயர் பதியப்பட்டவரை அது சேர்க்கவில்லை. வைத்தியரைக் கண்டதும் மருந்து பெற்றதும் பல தடவை பதிவானோரையே எண்ணியது. அந்த மூன்றாண்டுப் பதிவுகளில் அகப்படாதோருக்காகவும் தொகையைத் திருத்தியது. 2017 இல் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வரை இருக்கலாம் என்பது அதன் முடிவு. இத்தனை பேரும் திடீரென நோயுற்றவர்கள் அல்லர், எண்ணப்படாதிருந்தவர்கள்.

உலக அளவில் 2013 இல் 23 இலட்சமாக இருந்த மதிப்பீடு 2023 இல் 29 இலட்சமாக உயர்ந்தமைக்கும் எண்ணும் முறை திருந்தியமை ஒரு காரணமாகும்.

ஆபத்துக் காரணிகள்

மத்தியகோட்டிலிருந்து விலகிய நாடுகளில் இந்நோய் மிகுதி. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் ஓர் இலட்சம் பேருக்கு 402 பேர் என 2012 இல் அறியப்பட்டது. வெயில் குறைவதால் விற்றமின் டி குறைவதும் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. புகைத்தலும், இளம்பருவத்தில் மிதமிஞ்சிய உடற்பருமனும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

2022 இல் வெளியான அமெரிக்கப் படைவீரர் பற்றிய ஆய்வில், எப்ஸ்ரீன் பார் வைரஸ் தொற்றியோருக்கு ஆபத்து 32 மடங்கு உயர்வதாகக் காணப்பட்டது. ஆனால் வளர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்வரை இவ்வைரஸ் தொற்றியவர்களே. அவர்களுள் மிகச் சிலருக்கே நோய் வருகின்றது. பரம்பரையும் இப்படியே. ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையருள் ஒருவர் நோயுற்றாலும், மற்றவருக்கு நோய் வராதிருப்பதே பெரும்பான்மை.

இடப்பெயர்வும் எமக்குரிய செய்தியே. தென்னாசியாவில் இந்நோய் குறைவு. ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரித்தானியா சென்றோருக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளில், இந்நோய் அந்நாட்டவர் அளவை நெருங்குவதாக 1990 இல் வெளியான ஆய்வு காட்டியது. இரத்தம் ஒன்றே, வளர்ந்த சூழல் வேறு.

நாம் கொள்ள வேண்டியது

ஆபத்துக் காரணி என்பது விதியன்று. இந்நோய் தொட்டால் ஒட்டாது. இதற்குத் தாயையோ மருமகளையோ பழிப்பதும், செய்வினை என அஞ்சி மறைப்பதும் தகாது. மறைக்கப்பட்ட நோயாளி சிகிச்சைக்குரிய காலத்தை இழக்கிறார். நாட்டின் கணக்கிலும் விடுபடுகிறார். கணக்கில் இல்லாதவருக்காக எவரும் மருந்து தருவிப்பதில்லை. இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இல்லை; ஆனால் புதிய தாக்கங்களைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. மேற்கூறிய அறிகுறிகள் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், தாமதியாது வைத்தியரிடம் காட்டி, நரம்பியல் நிபுணரின் ஆலோசனையைப் பெறுவோமாக.