நீளச் சொல்லை வாலிலிருந்து படியுங்கள்

மக்களே, கருங்கல், தோவாளை, திருவட்டாறு என்று தமிழ் வழியில் படித்துவிட்டு நர்சிங் சேரும் பிள்ளைகள் முதல் மாதம் ரத்தத்தைப் பார்த்து அழுவதில்லை. பாடப்புத்தகத்தில் இருபது இருபத்தைந்து எழுத்துக்கு நீண்டு கிடக்கும் ஆங்கிலச் சொற்களைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். ஆபரேஷன் தியேட்டரிலேயே தலை நரைத்தவள் என்கிற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. மனப்பாடம் செய்யாதீர்கள், உடையுங்கள். ஈசோபேகோகேஸ்ட்ரோடியோடினோஸ்கோப்பி என்பது அமெரிக்க எழுத்துமுறையில் 26 எழுத்து. ஈசோபேகோ உணவுக்குழாய், கேஸ்ட்ரோ இரைப்பை, டியோடினோ முன்சிறுகுடல், ஸ்கோப்பி உள்ளே விட்டுப் பார்ப்பது. வாய் வழியாக இறங்கும் குழாய் எந்தெந்த இடத்தைத் தாண்டிப் போகிறதோ அதே வரிசையில்தான் சொல்லும் நிற்கிறது. வார்டில் இதை ஓஜிடி என்று சுருக்கிவிடுவார்கள். நீங்கள் முழுசாகவே எழுதிப் பழகுங்கள்.

2. வாலை முதலில் பாருங்கள். பெரும்பாலான சொற்களில் முன்பாதி உறுப்பைச் சொல்லும். என்ன ஆயிற்று, என்ன செய்யப் போகிறார்கள் என்பது கடைசியில் இருக்கும். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி: ஹெப்படைட்டிஸ் கல்லீரலில், ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், மெனிஞ்சைட்டிஸ் மூளை உறையில். இந்த ஒரு வால் தெரிந்தாலே பாதிப் புத்தகம் திறந்துவிடும்.

3. டமி என்று முடியும் சொற்களில் மட்டும் நிதானம் வேண்டும். டி, ஓ, எம், வொய் என்ற நான்கு எழுத்தும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதற்கு முன்னால் நிற்பதில்தான் நோயாளியின் பிழைப்பு இருக்கிறது. வெறும் ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது. லேப்பராட்டமியில் வயிற்றைத் திறக்கிறோம். எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. அப்பெண்டிசெக்டமியில் குடல்வால் போகிறது, ஹிஸ்டிரெக்டமியில் கருப்பை போகிறது. ஆஸ்டமி என்றால் புதிதாக ஒரு வாய் வைப்பது. ஸ்டோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு வாய் என்றே அர்த்தம்.

கொலெக்டமி என்றால் பெருங்குடலை வெட்டி எடுப்பது, கொலாஸ்டமி என்றால் பெருங்குடலை வயிற்றின்மேல் திறந்து வைப்பது. குளச்சல் பக்கத்து மீன்காரம்மா ஒருத்தி, கொலாஸ்டமிக்கான ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்த பிறகு, “அது என்ன மக்களே, எடுக்கப் போறாளுவளா, தைக்கப் போறாளுவளா?” என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். மலம் இனி வயிற்றின் பக்கத்திலிருந்து ஒரு பைக்குள் வரும் என்பதை அதுவரை அவளுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. டாக்டரைத் திரும்ப அழைத்து, பையை அவள் கையில் கொடுத்து, ஒட்டுவதையும் கழற்றுவதையும் காட்டிய பிறகுதான் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். சொல்லைப் பிரிக்கத் தெரிந்தவள்தான் அதைத் தமிழில் சொல்லவும் முடியும்.

4. நெய்யூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1838ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர் அது. 1923ல் அங்கே வந்த டாக்டர் சோமர்வெல், 1924ல் எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை ஆக்சிஜன் இல்லாமல் ஏறியவர். இறங்கும் வழியில் கடுங்குளிரில் பழுதாகிப்போன குரல்வளைச் சவ்வு கழன்று மூச்சை அடைத்தது. நெஞ்சை இரு கையாலும் அழுத்தி இருமி வெளியே தள்ளிப் பிழைத்தார். லேரிங்ஸ், அதாவது குரல்வளை, என்ற துண்டைப் படிக்கும்போது இதை நினைத்தால் மறக்காது. தெற்குத் திருவிதாங்கூரில் அன்று குடல்புண் மிகுதி. நெய்யூரில் இரைப்பை ஆபரேஷன்கள் ஏராளமாக நடந்தன; அவர் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அந்த ஆபரேஷன்களில் ஒன்றின் பெயர் கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி. இப்போது நீங்களே பிரித்துவிடுவீர்கள்: இரைப்பை, நடுச்சிறுகுடல், இரண்டுக்கும் இடையில் புதிய வாய். புண்பட்ட முன்சிறுகுடலைச் சுற்றிக்கொண்டு சாப்பாடு வேறு வழியில் இறங்கும்.

5. ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு. ஹைப்போகிளைசீமியாவில் சர்க்கரை இறங்கி, ஆள் வியர்த்து, கிறக்கமாகக் கிடப்பார். அவருக்கு ஹைப்பர் என்று நினைத்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. இரவு டியூட்டியில் போனில் உத்தரவு வந்தால், “சர்க்கரை குறைவா, கூடுதலா டாக்டர்?” என்று தமிழில் திருப்பிக் கேளுங்கள். எண்ணையும் வாசித்துக் காட்டுங்கள். யார் சிடுசிடுத்தாலும் கேளுங்கள்.

6. ஒரே ஒலி ஒரே பொருள் என்று கண்ணை மூடி நம்பவும் கூடாது. இலியம் என்று காதில் விழும் சொல் இரண்டு உண்டு. நடுவில் ஈ எழுத்து வந்தால் பின்சிறுகுடல். ஐ எழுத்து வந்தால் இடுப்பெலும்பு. மயலோ என்ற துண்டு ஆஸ்டியோமயலைட்டிஸில் எலும்பு மஜ்ஜை, போலியோமயலைட்டிஸில் தண்டுவடம். நெஃப்ரோ சிறுநீரகம், நியூரோ நரம்பு. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைச் சீட்டில் எழுதினால் நோயாளி தப்பான ஓபி வாசலில் அரை நாள் காத்துக் கிடப்பார்.

7. 45 எழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிக்கோவல்கனோகோனியோசிஸ் என்பது 1935ல் அமெரிக்கப் புதிர்ச் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே கட்டிய சொல். அதற்குள் இருக்கும் நோய் மட்டும் நிஜம்: சிலிக்கோசிஸ், பாறைத்தூசி நுரையீரலில் படிந்து மூச்சைக் குறைப்பது. நம் மாவட்டத்தில் கல்குவாரி வேலைக்காரர் யாராவது இருமிக்கொண்டு வந்தால், எத்தனை வருஷமாகப் பாறை உடைக்கிறார் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

8. தமிழில் சொன்னால் தரம் குறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். உங்கள் நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலத் துண்டு, வலப்பக்கம் வீட்டில் புழங்கும் தமிழ் என்று எழுதுங்கள்.

9. இந்த வாரத்துக்கு எட்டுத் துண்டு போதும்: கார்டியோ இதயம், ஹெப்பட்டோ கல்லீரல், நெஃப்ரோ சிறுநீரகம், கோலி பித்தம், சிஸ்ட் பை, ஆர்த்ரோ மூட்டு, ஐட்டிஸ் அழற்சி, எக்டமி வெட்டி எடுப்பது. கோலிசிஸ்டெக்டமி என்றால் என்ன என்று திங்கட்கிழமை கேட்பேன்.