அமுக்கரா

திண்டிவனம் என்னும் பெயர், புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணி வனம் என்பதன் திரிபு என்பர். அவ்வூர்க் கடைத்தெருவிலும், அதற்குத் தென்மேற்கே இருப்புப்பாதைச் சந்திப்பாக விளங்கும் விழுப்புரத்திலும் நாட்டு மருந்துக் கடைகள் உண்டு. சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் விற்கும் அக்கடைகளில், வெளிர்ந்த நிறமுடைய வேர்த்துண்டுகளையும் நிறுத்துக் கொடுப்பர். அவையே அமுக்கராக் கிழங்கு. அதே வேரின் சத்து இன்று ‘அசுவகந்தா’ என்னும் பெயரோடு குப்பிகளில் அடைபட்டு, ‘கார்ட்டிசாலைக் குறைக்கும்’ என்னும் விளம்பரத்தோடும் வருகின்றது. பொதுத்தேர்வு நெருங்குங்கால், உறக்கமின்றிப் படிக்கும் பிள்ளைக்கு அதனை வாங்கித் தரலாமோ எனப் பெற்றோர் எண்ணுதல் இயல்பே.

கார்ட்டிசால் என்பது யாது? சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி கவிழ்த்தாற்போல் இரண்டு சுரப்பிகள் உள்ளன. அட்ரினல் எனப்படும் அவை ஒவ்வொன்றும் ஐந்து கிராம் அளவினவே. அவற்றின் புறணியில் ஊறிக் குருதியிற் கலக்கும் ஹார்மோன்களுள் ஒன்று கார்ட்டிசால். இப்புறணியின் ஹார்மோன்களை ஆராய்ந்தமைக்காகக் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் என்னும் மூவர் 1950ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அச்சமோ கவலையோ நோயோ வந்துற்றபோது குருதியில் சர்க்கரையை மிகுவித்து, உடலை எதிர்நிற்கச் செய்வது இதுவே. நாள்தோறும் விடியற்காலையில் இது பெருகுகின்றது. நள்ளிரவில் மிகக் குறைகின்றது. ஆதலின் இதனைப் பகை என்று கருதுவது பேதைமை. இது முற்றும் குறைந்தால் மனிதன் சோர்ந்து வீழ்வான். அந்நோய்க்கு அடிசன் நோய் என்று பெயர். அளவின்றி மிகுந்தாலும் குஷிங் நோய்க்குறி என்னும் கேடு விளையும். மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்பது நம் மருத்துவர் பண்டே உணர்ந்த உண்மையன்றோ?

இனி, வேரைக் காண்போம். அமுக்கரா, கத்தரியும் தக்காளியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. வறண்ட நிலத்தில் தானே முளைக்கும்; மத்தியப் பிரதேசத்து நீமச், மந்தசௌர்ப் பகுதிகளில் பெரிதும் பயிரிடுகின்றனர். பசுவேர் குதிரையின் மணம் வீசுவதால் வடமொழியார் அதனை அசுவகந்தம் என்றனர். இலத்தீன் மொழியில் அதற்கு அமைந்த பெயரின் பிற்பகுதியோ ‘உறக்கம் தருவது’ என்னும் பொருளுடையது. ஒருவர் மூக்கைக் கொண்டும், மற்றொருவர் பயனைக் கொண்டும் பெயரிட்டனர் போலும்!

சித்த மருத்துவர் இவ்வேரை அப்படியே தருவதில்லை. பாலின் ஆவியில் அவித்து உலர்த்தித் தூய்மை செய்த பின்னரே இடிப்பர். அமுக்கராச் சூரணம் செய்யும் முறை ஒன்று வருமாறு: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒன்றின் ஒன்று இரட்டித்து வரும் இக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அமுக்கரா ஏறத்தாழக் காற்பங்கே. சர்க்கரை பாதிக்குச் சற்று மேல். நீரிழிவுடையார் இதனைக் கருதுதல் வேண்டும். குப்பியில் உள்ளதோ பிற சரக்குகளின் துணையின்றி வடித்தெடுத்துச் செறிவாக்கிய சத்து. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

அச்சத்தால் பயன் உண்டா? 2012இல் ஐதராபாத்து ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனவுளைச்சலுற்ற பெரியோர் 64 பேரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு வேர்ச்சத்து 300 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் இருமுறையும், மறுசாரார்க்கு மருந்தில்லா வெற்றுறையும் 60 நாள் தந்தனர். சத்து உண்டவர்க்குக் கார்ட்டிசால் நூற்றுக்கு 28 அளவு குறைந்தது. வெற்றுறை உண்டவர்க்கும் நூற்றுக்கு 8 அளவு குறைந்தது என்பது நோக்கத்தக்கது. மருந்துண்டோம் என்னும் எண்ணத்திற்கும், நாட்கழிவிற்கும் அதிற் பங்குண்டு. ஆய்வு பயனைக் காட்டியது மெய்யே. எனினும் அறுபத்துநால்வர் சிறுதொகையினர். அவருள் பள்ளிச் சிறுவர் எவரும் இலர்.

தீங்கும் ஆராயப்பட்டுள்ளது. இதனை உண்ட சிலர்க்குக் கல்லீரல் பழுதுற்று மஞ்சட்காமாலை வந்தமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. தைராய்டு சுரப்பை இது மிகுவிக்கக் கூடும். கருவுற்ற மகளிர் இதனை விலக்குதல் வேண்டும் என்பர். டென்மார்க்கு நாடு 2023இல் இதனை உணவுப் பொருள்களிற் சேர்த்தலைத் தடை செய்தது. நம் நாட்டு ஆயுஷ் அமைச்சகமும் 2021இல், வேருக்கு மாறாக இலையைப் பயன்படுத்தலாகாது என மருந்து செய்வோர்க்கு அறிவுறுத்தியது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. அங்குச் செல்லும் மாணவனுக்கு மருத்துவர் உடனே சூரணம் நிறுத்துத் தருவதில்லை. நாடியைப் பார்ப்பார், பசி எவ்வாறு, மலம் எவ்வாறு என்பார், இரவு எத்தனை மணிக்குப் படுக்கின்றாய் என்றும் வினவுவார்.