பனியாற்றிடம் கேட்டுப் போட்ட சாலை

அன்புள்ள ஐயா,

வாழ்நாளெல்லாம் மலைச்சாலைப் பணியில் இருந்தவர் நீங்கள். காரகோரம் நெடுஞ்சாலையைப் பற்றி விசாரித்து எழுதிவிட்டு, மனிதன் மலையை வென்றதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று முடித்திருந்தீர்கள். மற்றதெல்லாம் சரி, வென்றான் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வழி. இஸ்லாமாபாத்துக்கு மேற்கே ஹசன் அப்தாலில் புறப்பட்டு, சீனத்தின் காஷ்கர் வரை ஏறக்குறைய 1,300 கி.மீ. அபோட்டாபாத், மான்செரா வழியாக வந்து தாக்கோட்டில் சிந்து நதியைப் பிடிக்கிறது. (மான்செராவில் பெரும்பாறைகளில் அசோகரின் கட்டளைகள் கரோஷ்டி எழுத்தில் இருக்கின்றன. இரண்டாம் கட்டளையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் வருகின்றன. நம்மூர் அரசர்களை அந்த வடகோடியில், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே பாறையில் வெட்டியிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.)

தாக்கோட்டுக்கு மேல் பேஷாம், பட்டன், தாசு, சிலாஸ் என்று சிந்துவின் பள்ளத்தாக்கிலேயே போகிறது சாலை. ராய்கோட் பாலத்தருகே 8,126 மீட்டர் நங்கா பர்பத் தலைக்கு மேல் நிற்கும். அதன் உச்சிக்கும் கீழே ஓடும் சிந்துவுக்கும் உயர வித்தியாசம் ஏழாயிரம் மீட்டர். கிடைத்தூரமோ முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஜக்லோட்டில் இமயம், காரகோரம், இந்துகுஷ் மூன்றும் சந்திக்கின்றன. அதன்பின் கில்கித், ஹுன்சா, பாசு, சோஸ்த், ஏறத்தாழ 4,700 மீட்டரில் குன்ஜெராப் கணவாய். அங்கே எல்லை தாண்டியதும் இடப்பக்கம் ஓட்டி வந்தவர் வலப்பக்கம் மாற வேண்டும். அப்பால் தாஷ்குர்கான், காஷ்கர்.

இந்தியா தன்னுடையது என்று சொல்லும் நிலத்தின் வழியாகவும் இதில் கணிசமான பகுதி போகிறது. 1963-இல் பாகிஸ்தானும் சீனாவும் செய்துகொண்ட எல்லை உடன்பாட்டை இந்தியா ஏற்கவில்லை. இது இரு நாட்டுச் சாலையானதே அந்த உடன்பாட்டின் நிழலில்தான். பாகிஸ்தான் 1959-இல் தானாகத் தொடங்கிய சிந்துப் பள்ளத்தாக்குச் சாலை, 1966-க்குப் பிறகு இரு நாட்டுக் கூட்டு வேலையானது. 1970-களின் கடைசியில் முடிந்தது. வெளிநாட்டுப் பயணிகள் கணவாயைக் கடக்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செத்தவர்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாகிஸ்தான் தரப்பில் எண்ணூறு பேருக்கு மேல், சீனத் தரப்பில் இருநூறு பேர் வரை என்பார்கள். வெடி, கல் விழுதல், சரிவு, பள்ளத்தாக்கில் விழுந்தது என்று எல்லாமும் உண்டு. சீனத் தொழிலாளர் பலரைக் கில்கித்துக்குப் பக்கத்தில் தன்யோரில் அடக்கம் செய்திருக்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1974 டிசம்பரில் பட்டன் பகுதியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஐயாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டித் தள்ளும் விளிம்பின் மேலேயே தார் போட்டிருக்கிறோம் என்பதை அப்போதே மலை சொல்லிவிட்டது.

எனக்கு மிகப் பிடித்த கதை இனிமேல்தான். பாசுவுக்கு வடக்கே பத்துரா பனியாறு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் மூக்கு சாலைக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அதன் உருகுநீர் புரண்டு வந்து புதுப்பாலத்தை அடித்துப் போனது. பனியாறும் முன்னேறிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் மறுபடி கட்டுவதா, வழியையே மாற்றுவதா? மாற்றினால் செலவு பயங்கரம். கட்டினால், பனி வந்து ஏறிவிட்டால்?

இதைத் தீர்மானிக்கச் சீனா, ஷி யாஃபெங் தலைமையில் பனியாற்று ஆய்வாளர்களை அனுப்பியது. 1974, 75 இரண்டு ஆண்டுகளும் அந்தப் பனிமேல் நடந்து, அது எவ்வளவு வேகமாக நகர்கிறது, எவ்வளவு உருகுகிறது, எவ்வளவு தடிமன் என்று அளந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் வரும், சாலையைத் தொடுமுன் நின்றுவிடும், பிறகு பின்வாங்கும் என்பது அவர்கள் முடிவு. அதை நம்பிப் பழைய வழியிலேயே சாலையைப் போட்டார்கள். சொன்னபடியே நடந்தது. அந்தச் சாலையில் வெடித்த டைனமைட் எல்லாவற்றையும்விட இந்த இரண்டு ஆண்டு அளவெடுப்பைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். உங்கள் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் எல்லாச் சரிவும் இப்படிக் கேட்டால் சொல்லிவிடுவதில்லை. 2010 ஜனவரி 4 அன்று அத்தாபாத்தில் மலை பெயர்ந்து ஹுன்சா ஆற்றில் விழுந்தது. ஊர் புதைந்தது, இருபது பேர் வரை இறந்தார்கள். ஆறு தேங்கி, நீர் மாதக்கணக்கில் ஏறி, இருபது கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஏரியாகி, சாலையையும் கரையோர ஊர்களையும் விழுங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சீனச் சரக்கும் ஜீப்பும் ஆடுமாடும் மரப்படகில்தான் அக்கரை போயின. படகுக்காரர்களுக்கு ஒரு புதுப்பிழைப்பு. மேல் ஹுன்சா விவசாயிகளுக்கு, உருளைக்கிழங்கைச் சந்தைக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. 2015 செப்டம்பரில் ஐந்து சுரங்கங்களோடு மாற்றுவழி திறந்தார்கள். சுரங்கங்கள் மட்டும் சேர்ந்து ஏழு கிலோமீட்டர். ஏரியை வற்றடிக்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு போனார்கள். 2022 மே மாதம் ஷிஷ்பர் பனியாற்று ஏரி உடைந்து இதே சாலையின் ஹசனாபாத் பாலத்தைக் கொண்டுபோனது; அங்கேயும் மறுபடி பாலம்.

இப்போது மலை மட்டுமல்ல, அணையும் சாலையை நகர்த்துகிறது. தாசுவிலும் பாஷாவிலும் சிந்துவின் குறுக்கே கட்டும் அணைகளால் பழைய சாலையில் பல கிலோமீட்டர் நீரில் போகும். புதுவழியை மேலே வெட்டுகிறார்கள். சிலாஸ் பக்கம் ஆற்றோரப் பாறைகளில் பல்லாயிரக்கணக்கான செதுக்கல்கள் உண்டு: காட்டு ஆடுகள், ஸ்தூபிகள், போகிற வழியில் வணிகர்கள் கீறிவிட்டுப் போன பெயர்கள். சாலை வந்த பிறகுதான் ஆய்வாளர்கள் அவற்றைப் பெருமளவில் பார்க்க முடிந்தது. அவற்றிலும் பெரும்பகுதி மூழ்கும். சாலையை மேலே ஏற்றலாம். வீடளவு பாறைகளை எத்தனை என்று தூக்குவது?

நல்ல வரைபடம் ஒன்று கேட்டிருந்தீர்கள். எதை வாங்கினாலும் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 2010-க்கு முந்தையது என்றால், அத்தாபாத்துக்கும் குல்மித்துக்கும் இடையே அதில் காட்டியிருக்கும் சாலை இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்