கார் ஏன் கிளம்பவில்லை?

கார் ஒன்று கிளம்ப மறுத்தால் அதைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுகிறார்கள். நாலு பேரும் நாலு காரணம் சொல்லுகிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் சொல்லுவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை எப்படி அறிவது? அதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறையைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், அந்த நாலு பேரில் ஒருவனாக நானே இருந்து, தவறாகக் காரணம் சொன்னதுதான்.

தில்லியில் என் சித்தப்பா ஒரு பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு நவம்பர் கடைசியில், காலை வேளைகளில் அது கிளம்பத் தயங்கியது. சாவியைத் திருப்பினால் இஞ்சின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். சில சமயம் 'டக்' என்று ஓர் ஓசையோடு நின்றுவிடும். "நீ பௌதிகம் படிக்கிறவன். நீயே சொல்லு, என்னடா இது?" என்றார் சித்தப்பா. "குளிர்காலம் சித்தப்பா. பாட்டரிதான்" என்றேன். அளந்து பார்க்காமலே சொன்னேன். பின் இருக்கையில் அமர்ந்திருந்த பாட்டி, "விளக்கெல்லாம் நல்லாத்தானே எரியுது?" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐயாயிரம் ரூபாய்க்குப் புதுப் பாட்டரி வந்தது. நோய் தீரவில்லை. பிறகு ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினார்கள். பத்து நாள் சரியாக ஓடியது. டிசம்பரில் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் என்று குறித்திருந்த நாளின் விடியற்காலையில், மூடுபனிக்கு நடுவே கார் மறுபடியும் 'டக்' என்று நின்றது. ஆட்டோ தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அன்று மாலைதான் நான் மல்ட்டிமீட்டரைக் கையில் எடுத்தேன்.

ஓசை சொல்லும் செய்தி

காரைக் கிளப்புவதில் மூன்று படிகள் உண்டு. சாவி தரும் கட்டளை ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவேண்டும். ஸ்டார்ட்டர் இஞ்சினைச் சுற்றவேண்டும். சுற்றும் இஞ்சினில் பெட்ரோல் தீப்பற்றவேண்டும். எந்தப் படியில் தடை என்பதைப் பெரும்பாலும் காதே சொல்லிவிடும்.

சாவியைத் திருப்பியும் ஓசையே இல்லையென்றால் கட்டளை போய்ச் சேரவில்லை என்று ஐயுறலாம். ரிலே, பியூஸ், கிளட்சை மிதித்திருக்கிறோமா என்று பார்க்கும் சுவிட்சு ஆகியவற்றை முதலில் நோக்கவேண்டும். 'டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டும் ஓசை, மின்னழுத்தம் நிலைக்காமல் விழுவதையும் எழுவதையும் காட்டுகிறது. 'டக்' என்று ஒரே ஓசை கேட்டு நின்றாலோ, இஞ்சின் சோம்பிச் சுற்றினாலோ, ஸ்டார்ட்டருக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்கவில்லை, அல்லது ஸ்டார்ட்டரே பழுது. இஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றவில்லையென்றால் பாட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஓசையோடு விளக்கையும் கவனிக்கவேண்டும். சாவியைத் திருப்பும்போது முகப்பு விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது பாட்டரி முனையிலேயே பிடிப்பு தளர்ந்திருக்கலாம். விளக்கு மங்காமல், ஸ்டார்ட்டர் மட்டும் தயங்கினால், பாட்டரியில் சரக்கு இருக்கிறது. அது ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியில் எங்கோ தடை இருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டரிலேயே குறை இருக்கிறது. பாட்டி சொன்னது இதைத்தான்.

பளுவின்போது அளத்தல்

கார்ப் பாட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. முழு மின்னூட்டத்தில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தரும், ஆக 12.6 வோல்ட். ஓய்வில் இருக்கும் பாட்டரி 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதிதான் மின்னூட்டம் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கும் கீழே போனால் அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். குளிரில் பாட்டரிக்குள் நிகழும் இரசாயன மாற்றம் மெதுவாகும். இஞ்சின் எண்ணெயும் கெட்டியாகும். ஆகவே குளிர்காலத்தில் பாட்டரியை ஐயுறுவது தவறன்று. ஐயத்தை முடிவாக எடுத்துக்கொள்வதே தவறு.

நான் முதலில் அளந்தபோது புதுப் பாட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டரின் முனையில், அது நிற்கும்போது, அதே 12.6 வோல்ட்தான். கம்பிகளின் தடையை அளந்தேன்; மீட்டர் சுழியத்தை ஒட்டியே காட்டியது. எல்லாம் நலம் என்றுதான் மீட்டர் சொல்லிற்று. ஆனால் கார் மட்டும் கிளம்பவில்லை.

இங்கேதான் நாம் பள்ளியில் படித்த ஓம் விதியை நினைவுகூரவேண்டும். மின்னழுத்த வீழ்ச்சி என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் வருவது. மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு தடை இருந்தாலும் வீழ்ச்சி இராது. சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. 100 ஆம்பியர் ஓடும்போது 0.03 ஓம் தடைகூட 3 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மல்ட்டிமீட்டரின் சோதனைக் கம்பிகளுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. அப்படியிருக்க, 0.03 ஓம் அதன் கண்ணில் எப்படிப் படும்? ஆகையால் பளு இருக்கும்போதுதான் அளக்கவேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, சித்தப்பாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அந்தச் சில விநாடிகளில் கண்ட அளவுகள் இவை. பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 11.6 வோல்ட். பாட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் முனைக்கும் இடையே 0.3 வோல்ட். பாட்டரியின் எதிர்முனைக்கும் இஞ்சினின் உலோக உடலுக்கும் இடையே 3.1 வோல்ட். இந்தக் கடைசி எண் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். ஸ்டார்ட்டருக்கு உண்மையில் கிடைத்தது 8.2 வோல்ட்தான்.

இஞ்சின் காரின் உடலோடு நேரே பொருந்தியிருப்பதில்லை. அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இஞ்சினிலிருந்து காரின் உடலுக்கு ஒரு தடித்த எர்த் கம்பியைப் போட்டிருப்பார்கள். ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் திரும்பி வரும் வழி அதுதான். விளக்குகளின் மின்சாரமோ காரின் உடல் வழியாகவே திரும்பிவிடுகிறது. எனவேதான் விளக்கு மங்கவில்லை. எங்கள் காரில் அந்தக் கம்பியின் போல்ட்டுக்கு அடியில் துருவும் பச்சைக் களிம்பும் படிந்திருந்தன. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கினேன். வீழ்ச்சி 0.1 வோல்ட் ஆயிற்று. இஞ்சின் உடனே கிளம்பியது. ஸ்டார்ட்டரை மாற்றியபோது அந்தக் கம்பி சற்று அசைந்திருக்கவேண்டும். அதனால் பத்து நாள் பிழைத்தது போலும்.

ஆல்ட்டர்னேட்டரும் இஞ்சின்மீதுதான் இருக்கிறது. பாட்டரிக்கு அது தரும் மின்னூட்டமும் அதே எர்த் கம்பி வழியாகவே சுற்றவேண்டும். அதை அப்படியே விட்டிருந்தால் புதுப் பாட்டரியும் நாளடைவில் வாடியிருக்கும். மறுபடியும் பாட்டரியின்மேலேயே பழி விழுந்திருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

குறியெண் ஒரு சாட்சி

"இக்காலத்துக் கார்களில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது சொல்லிவிடாதா?" என்று நண்பர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்னும் தற்சோதனை முறை கட்டாயமாயிற்று. இன்று நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களிலும் அது இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் செருகியில் ஒரு சிறு கருவியை மாட்டினால் குறியெண்ணைப் படிக்கலாம். ஆனால் அந்தக் குறியெண் ஒரு சாட்சியின் வாக்குமூலமே தவிர, நீதிபதியின் தீர்ப்பன்று.

பி0171 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 'காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு' என்பது அதன் பொருள். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸார், எரியாமல் மிஞ்சிய ஆக்ஸிஜனைக் கண்டு கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிப் பார்க்கிறது. கூட்டிக் கூட்டி எல்லையைத் தாண்டியதும் இந்த எண்ணைப் பதிவு செய்து, எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. இதைக் கண்டு ஆக்ஸிஜன் சென்ஸாரையே மாற்றுபவர்கள் உண்டு. செய்தி கொண்டுவந்த தூதனைத் தண்டிப்பது போன்றது அது. உண்மைக் குற்றவாளி, வெடித்துப்போன ஒரு ரப்பர்க் குழாயாகவோ, வலுவிழந்த பெட்ரோல் பம்பாகவோ இருக்கலாம்.

அவ்விரண்டையும் பிரித்தறிய வழியுண்டு. கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதையும் அதே கருவி காட்டும். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்ஸார் உள்ள கார்களில், அந்தச் சென்ஸாருக்கு அப்பால் குழாய் வெடித்திருந்தால், அளவுக்கு அகப்படாத காற்று உள்ளே நுழைகிறது. இஞ்சின் மெதுவாக ஓடும்போது மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் இந்தக் கள்ளக் காற்று பெரும் பங்கு. எனவே அப்போது திருத்தம் மிகுதியாக இருக்கும். வேகத்தைக் கூட்டினால் குறையும். பம்பு வலுவிழந்திருந்தாலோ இதற்கு நேர்மாறு: வேகமும் பளுவும் கூடும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

சோதனைச் சாலையில் நாம் கைக்கொள்ளும் விதி காருக்கும் பொருந்தும். பி0301 என்பது முதல் சிலிண்டரில் தீ சரிவரப் பற்றவில்லை என்று சொல்லும் எண். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில் உள்ள காரில், இஞ்சினை நிறுத்திவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். குற்றம் பி0302 என்று இரண்டாம் சிலிண்டருக்கு இடம் பெயர்ந்தால் காயில்தான் பழுது. முதல் சிலிண்டரிலேயே நின்றால் காயில் குற்றமற்றது. அடுத்து பிளக்கை அதே முறையில் சோதிக்கலாம். செலவு ஒரு காசும் இல்லை. காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் நோய் தீரலாம். ஆனால் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது.

மின்சாரம் சாராத கோளாறுகளுக்கும் இதே வழிதான். இஞ்சின் சூடேறுகிறது என்றால், எப்போது ஏறுகிறது என்று கேட்கவேண்டும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால், ரேடியேட்டரின் மின்விசிறியை ஐயுறலாம். ஓடும்போது எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. ஓடும்போதும் ஏறினால், தண்ணீர் குறைவா, ரேடியேட்டர் அடைப்பா, தெர்மாஸ்டாட் திறக்கவில்லையா என்று பார்க்கவேண்டும். ஆனால் சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. பிரஷர் குக்கரைப் போலவே, உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அது கொதித்து முகத்தில் பாயும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ ஐயம் தோன்றினால், ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள். மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறையிட்ட தடித்த கம்பிகளில் உயிரைப் போக்கும் மின்னழுத்தம் இருக்கும். மேலே சொன்ன சோதனைகள் அவற்றுக்கு அல்ல.

பாட்டியின் கண் ஆபரேஷன் அடுத்த வாரம் நல்லபடியாக முடிந்தது. அதே காரில்தான் அழைத்துப் போனோம். "அன்னைக்கே சொன்னேனே, விளக்கு நல்லா எரியுதுன்னு" என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பழைய பாட்டரியையும் பழைய ஸ்டார்ட்டரையும் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவை இரண்டும் நல்லவையாகவே இருந்திருக்கலாம். இனி அளந்து பார்க்க வழியில்லை. ஓம் விதியை எத்தனையோ தேர்வுகளில் எழுதியிருக்கிறேன். அதைக் கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க எனக்கு அந்த டிசம்பர்க் காலை வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் அன்பர்களுக்கு அந்தத் தாமதம் வேண்டாம். அடுத்த முறை உங்கள் முன் ஒரு கார் கிளம்ப மறுத்தால், காரணம் சொல்லுமுன் காது கொடுத்துக் கேளுங்கள். கண்ணால் கவனித்தவர் யார் என்று விசாரியுங்கள். பளுவை ஏற்றி அளந்து பாருங்கள். அதற்குப் பிறகே பணப்பையைத் திறவுங்கள்.